ஏன் துரையும் சீர்த்தட்டும்

'ஏன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சிவகங்கைச் சீமை முழுவதையும் தலைசுற்ற வைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவருக்கு மாட்டுவண்டி ஓட்டியவனும் ஒருவன்தான். அது நான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று என் பெயரில் ஆறு லாரி ஓடுகிறது. ஆனால் அந்த வெள்ளைக்காரத் துரை என்ன படித்தார் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. மனித சாஸ்திரமாம். நம் பக்கத்து வேதக்காரர்களின் நடப்பில் கிறிஸ்தவம் எது, ஊர் வழக்கம் எது என்று பிரித்து எழுத வந்தாராம். காரைக்குடிக்கு ரயில் வராத காலம் அது.

கோட்டையூரில் ஒரு ஆச்சி, நெற்றி நிறையத் திருநீறோடு, அந்தோணியார் கோவிலுக்கு மெழுகுவத்தி எடுத்துப் போனார். துரை வண்டியிலிருந்து குதித்துவிட்டார்.

"அம்மையீர், தாங்கள் இந்து அன்றோ? ஏன் இங்கு செல்கின்றீர்?"

"பேரனுக்குக் காச்சல் விடலைய்யா. போகாம இருக்கச் சொல்றீகளா?"

துரை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அப்புறம் காளையார்கோவில் பக்கம் சவரிமுத்து என்ற வேதக்காரர் மகள் கல்யாணத்துக்குப் போனோம். முதல் நாள் சவரிமுத்து என்னைத் தனியே இழுத்து, "யாருப்பா இந்தத் தொரை?" என்றார். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "பிஷப்பு அனுப்பின ஆளு. நீங்க செய்யிறதை எல்லாம் எழுதிக்கிட்டுப் போறாக" என்று எடுத்துவிட்டேன்.

பிஷப் கோபிப்பாரே என்ற பயத்தில், விடிவதற்குள் மாவிலைத் தோரணம் இறங்கியது. கோலம் அழிந்தது. மஞ்சள் கிண்ணம் பரணுக்குப் போனது. சீர்த்தட்டோடு வந்த தாய்மாமன் அந்தோணியையும், "தொரை போற வரைக்கும் அங்குட்டு இருங்க மச்சான்" என்று திருப்பிவிட்டார்கள்.

அவர் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் தட்டோடு உட்கார்ந்துவிட்டார். "மாமா வராம நான் கோவிலுக்கு வரமாட்டேன்" என்று கல்யாணப் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்துவிட்டது. கோவிலில் பங்குச் சாமியார் காத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார், "கல்யாணம் உண்டா இல்லையா?" என்று கத்துகிறார்கள்.

துரை வெறும் பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இவர்களிடம் வழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"வண்டிக்காரரே, மணமகள் ஏன் அழுகின்றாள்?"

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. என் புளுகை ஒப்புக்கொண்டேன். துரை முகம் சுண்டிப் போயிற்று. நேரே புளியமரத்துக்கு நடந்தார். அந்தோணிக்குக் கும்பிடு போட்டார். தேங்காய், பழம், சேலை எல்லாம் இருந்த தட்டைத் தூக்கித் தன் தொப்பி மேல் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குத் திரும்பினார். தட்டு போகிறதே என்று அந்தோணி பின்னாலேயே ஓடிவந்தார். தாலி ஏறியது.

பந்தியில் அந்தோணி கேட்டார்: "தொரை, எங்க சீர்த்தட்டை நீங்க ஏன் சொமந்தீக?"

துரை நோட்டைத் திறந்தார். யோசித்தார். மூடினார். "தெரியவில்லை ஐயா. சுமக்க வேண்டும் போல் இருந்தது."

"எங்களுக்கும் அம்புட்டுத்தேன். எழுதிக்கங்க."

துரை தன் ஊருக்குக் கிளம்பிய அன்று வண்டியை விட்டு இறங்கி என் முகத்தைப் பார்த்தார். என் கண் கலங்கியிருந்தது. நோட்டைப் பையில் போட்டார், என் தோளைத் தொட்டார். ஏன் என்று கேட்கவே இல்லை.