ஆதிக்குடியின் பால்குடி

உலக விஞ்ஞான வரலாற்றில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குரிய ஆசனம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. மரபணுவின் மர்மத்தை அறிய மேல்நாட்டார் ஆய்வுகூடங்களில் மண்டையை உடைக்கிறார்கள். நாங்கள் அதை ஒரு சனிக்கிழமை காலையில், சில வாளி பசும்பாலுடன் முடித்துக் காட்டினோம். 'நாங்கள்' என்றால் எங்கள் பசும்பால் மேம்பாட்டுக் கழகம். அதன் செயலாளன் என்ற 'பொறுப்புமிக்க' பதவியிலிருந்து இதை எழுதுகிறேன்.

கழகத்தின் பால் நிலையத்தோடு ஒட்டி, பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால், ஒரு கடை அறை உண்டு. அதை இருவர் கேட்டிருந்தார்கள். ஒருவர் தாஹிர். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து, மாடு வளர்த்து, எங்களுக்குச் சைக்கிளில் பால் கொண்டுவருபவர். மனைவி றபீக்கா உறைய வைக்கும் தயிரை விற்க அவருக்கு ஓரிடம் வேண்டும். மற்றவர் தனோஜன். பசுவின் எந்தப் பக்கம் பால் வரும் என்று அறியாதவர். ஆனால் தலைவர் ஏரம்பு மாஸ்ரரின் மருமகன். இவ்வளவு சமபலமான போட்டியில் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல.

ஆகவே விஞ்ஞானத்தை நாடினோம். பொதுக்கூட்டத்துக்கு டொக்டர் நிரோஜாவை அழைத்தோம்.

"பால்குடி மறந்தாப் பிறகு, பாலிலை இருக்கிற சீனியைச் செமிக்க வைக்கிற சுரப்பு மனிசருக்குக் குறைஞ்சு போகும். அது வருத்தமில்லை, இயற்கை," என்றார் டொக்டர். "ஆனா ஆயிரக்கணக்கான வருசம் மாடு, ஒட்டகம் மேய்ச்ச சனத்திலை சிலருக்கு மரபணுவிலை ஒரு சின்ன மாற்றம் வந்தது. பஞ்சத்திலையும் பால் குடிச்சுத் தப்பினவையின்ரை பிள்ளையள் பெருகிச்சினம். அந்த மாற்றம் வந்து சேர்ந்தவைக்கு வயசு போனாலும் பால் செமிக்கும்."

மாஸ்ரர் எழுந்தார். "அப்ப, பால் செமிக்கிறவன்தான் இந்த மண்ணின்ரை ஆதிக்குடி."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, மாஸ்ரர். எங்கடை பக்கத்திலை கனபேருக்குச் செமிக்காது. தேத்தண்ணிக்கு விடுற பால் ஒண்டும் செய்யாது. தயிரிலை அந்தச் சீனியிலை ஒரு பங்கைக் கிருமியள் முதலே திண்டிடும். வெறும் வயித்திலை நிறையக் குடிச்சால்தான் தெரியும்."

'வெறும் வயித்திலை நிறைய' என்ற பகுதியை மட்டும் மாஸ்ரர் ஏற்றுக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: கடை அறை மண்ணின் மைந்தருக்கே, மைந்தர் யாரென்பதைப் பால் சொல்லும்.

சனிக்கிழமை விடிய தாஹிர் தோய்த்துக் காய்ந்த சறம் உடுத்து, சைக்கிளில் பால் வாளிகளோடு கழக மண்டபத்துக்கு வந்தார்.

"குடிச்சுச் செமிச்சால் கடையைத் தருவியளோ, மாஸ்ரர்?"

"நான் ஆர் தர? விஞ்ஞானம் தரும்."

முன்மாதிரி காட்டுவது தலைமையின் கடமை என்பதால் செயற்குழுவும் குடித்தது. ஆளுக்கு இரண்டு மூக்குப்பேணி, அதாவது மூக்கு வைத்த பித்தளைக் குவளை, நிறையப் பால். சற்று நேரத்தில் தனோஜனின் வயிறு ஒரு பிரேரணையை முன்மொழிந்தது. மாஸ்ரரின் வயிறு அதை வழிமொழிந்தது. மண்டபத்தின் பின்புறமிருந்த ஒரேயொரு கக்கூசை நோக்கிச் செயற்குழு பதவி வரிசைப்படி நகர்ந்தது. தனோஜன் வரிசையை மீறி உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டது கழக யாப்பு விதிகளுக்கு முரணானது.

"கதவைத் திற தம்பி. நான் தலைவர்."

"இப்ப ஏலாது, மாமா."

தாஹிர் மூன்றாவது பேணியையும் குடித்துவிட்டு, மர வாங்கில் சாய்ந்து அமர்ந்திருந்தார். சோதனையைப் பார்க்க வந்திருந்த டொக்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "இவருக்கு ஒண்டுமில்லை."

அவசரக் கூட்டம் கூடியது. மாஸ்ரர் வயிற்றைப் பிடித்தபடி தலைமையுரை ஆற்றினார். "இப்ப விளங்குதோ? பால் செமிக்கிறது வெளியிலையிருந்து வந்தவைக்குத்தான். செமிக்காததுதான் இயற்கை எண்டு டொக்டரே சொன்னவ. அப்ப இஞ்சத்தை அசல் ஆக்கள் நாங்கள்."

"அண்டைக்கு மற்றப் பக்கமாச் சொன்னியள்," என்றார் டொக்டர்.

"விஞ்ஞானம் வளருது, பிள்ளை."

"குடலிலை ஒருத்தருக்கும் காணி உறுதிப் பத்திரம் எழுதியிருக்காது, மாஸ்ரர்."

டொக்டர் பேசியது ஒழுங்குப் பிரச்சினை எனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. கைகள் உயர்ந்தன. உயர்த்த முடியாமல் வரிசையில் நின்றவர்கள் வாய்மூலம் ஆதரித்தார்கள். அறை தனோஜனுக்கு.

தாஹிர் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். குரல் உயரவில்லை.

"தொண்ணூறிலை முஸ்லிம் சனம் எங்களை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லேக்கை ஒருத்தரும் ஒண்டும் சோதிச்சுப் பாக்கேல்லை, மாஸ்ரர். இந்தமுறை பாலாவது தந்தியள்."

வெற்று வாளிகளைக் கொழுவிக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போனார். அதன்பின் எங்களுக்கு அவர் பால் கொண்டுவரவில்லை. யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கம் றபீக்காவின் தயிருக்குச் சனம் காத்து நிற்கிறதாம். எங்கள் கடை அறையில் தனோஜன் வெளிநாட்டுப் பால்மா விற்கிறார்.

கழகத்தைக் குறைசொல்வோருக்குச் செயலாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பால் எங்களுக்குச் செமிக்காதுதான். ஆனால் செமிக்காததையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, வயிறு சுத்தமாயிற்று என்று நிம்மதியாக இருப்பதில் எங்களுக்கு நிகர் யாருமில்லை. அந்தத் திறமை எந்த மரபணுவிலும் இல்லை என்று டொக்டர் சொல்கிறார். உண்மைதான், அது நாங்களே பழகிக்கொண்டது.