மெழுகுதிரி அண்ணாச்சி தோற்ற வழக்கு

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் இருந்த கிறிஸ்தவர்களில் மெழுகுதிரி அண்ணாச்சியோடு சண்டை போடாதவர் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் அவர் ஊருக்குப் புதிதாக வந்திருப்பார்.

அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கர். தைக்காட்டில் எங்கள் லைன் வீட்டுக் கடைசிப் போர்ஷனில் மெழுகு உருக்கி, அச்சில் ஊற்றி, மாதா கோயில் வாசலில் விற்பார். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. எதிர்வீட்டுக் கண்டக்டர், புராட்டஸ்டன்ட்காரர், ஒரு மெழுகுதிரி கேட்டு வந்தார்.

"மாதா வேண்டாம், புனிதர் வேண்டாம், எல்லாத்தையும் நேரா கடவுளிட்டயே கேப்பேன்னு சொல்லுவீரே? வெளிச்சத்தையும் நேரா கேட்டு வாங்கும்வே!"

பாவம் அந்த மனிதர், பின்வாசல் வழியாக வாங்கிக்கொண்டு போனார். கொடுத்தது அண்ணாச்சியின் மனைவி. பள்ளிக்கூட டீச்சர். அவரும் புராட்டஸ்டன்ட்!

இருவரும் சபை மாறமாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றதால் கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. அதற்குத் தண்டனையாக அண்ணாச்சிக்குப் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் கிடையாது என்று கோயில் சாமியார் சொல்லிவிட்டார். தன்னைப் பந்தியில் சேர்க்காத கோயிலுக்காகத்தான் இந்த மனிதர் ஊரெல்லாம் சண்டை வாங்கினார்.

நான் சர்க்கார் குமாஸ்தா. கும்பிடுவது பழவங்காடிப் பிள்ளையாரை. அதுவே என்னை அவர்கள் வீட்டு நீதிபதியாக்கிவிட்டது.

"நீ ரெண்டு கட்சியிலயும் சேராதவன். நியாயம் சொல்லு தம்பி. ஒன் ஆப்பீஸ்ல சிபாரிசு இல்லாம ஒரு ஃபைலு நகருமா?"

"நகராது அண்ணாச்சி."

"கேட்டியா டீச்சரே? அதுக்குத்தான் மாதா, புனிதரெல்லாம்."

"அப்பாட்ட பேசதுக்குப் பிள்ளைக்கு எதுக்குத் தம்பி சிபாரிசு? கடவுளு என்ன, செக்ஷன் ஆபீசரா?"

என் உத்தியோக அனுபவத்தை வைத்து அண்ணாச்சி பக்கம் தீர்ப்புச் சொன்னேன். ஒரு வாரம் எனக்கு டீச்சர் வீட்டு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் நின்றுபோயின.

பெரிய வழக்கு உத்தரிக்கிற ஸ்தலம். சாகிறவர்கள் பலரும் நேரே மோட்சம் போவதில்லை, பாவக்கறை தீர அங்கே வேக வேண்டும், இங்கிருப்பவர்கள் வைக்கும் பூசையும் செபமும்தான் அவர்களைச் சீக்கிரம் கரையேற்றும் என்பது அண்ணாச்சி கட்சி. பைபிளில் அப்படி ஓர் இடமே இல்லை, விசுவாசி கண்ணை மூடினால் நேரே ஆண்டவரிடம்தான், அதன்பிறகு ஜெபம் எதற்கு என்பது டீச்சர் கட்சி.

"நீ செத்தா ஒனக்கு யாருடீ பூசை வைப்பா?"

"எனக்கு ஒருத்தரும் வைக்க வேண்டாம். நான் நேரா போயிருவேன். நீங்க அங்க கெடந்து வேவுங்க."

சிரித்துவிட்டு வழக்கை ஒத்திவைத்தேன்.

அந்த வருஷ மழையில் மஞ்சள்காமாலை வந்து பத்தே நாளில் டீச்சர் போய்விட்டார். அவருடைய சபைக் கல்லறையில் அடக்கம். அண்ணாச்சி பூசை கேட்டுச் சாமியாரிடம் போனார். அந்த அம்மாள் நம் சபை இல்லையே, உங்கள் கல்யாணமும் செல்லாதே என்றார் அவர். ஒரு ஜெபமாவது செய்யுங்கள் என்று டீச்சரின் போதகரிடம் போனார். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கமில்லை என்றார் இவர். இருவரும் மரியாதையாகத்தான் சொன்னார்களாம். மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கக் கல்லறைகளெல்லாம் மெழுகுதிரியாய் எரிகிற நாள். அண்ணாச்சி டீச்சர் கல்லறையில் ஒன்றே ஒன்று கொளுத்தி வைத்தார். "இவிடெ இதொந்நும் பாடில்ல", இங்கே இதெல்லாம் கூடாது என்று காவல்காரன் அதைச் செருப்புக்காலால் தேய்த்து அணைத்தான்.

அண்ணாச்சி நேரே என் அறைக்கு வந்தார். விரலெல்லாம் மெழுகு.

"அந்தக் கேசுல தீர்ப்புச் சொல்லு."

"எந்தக் கேசு அண்ணாச்சி?"

"உத்தரிக்கிற ஸ்தலம். டீச்சரு சொன்னதுதான் சரின்னு சொல்லு."

"அப்படின்னா நீங்க தோத்துருவீங்களே அண்ணாச்சி?"

"நான் ஜெயிச்சா அவ அங்க கெடந்து வேவணும் தம்பி. அவளுக்காவக் கேக்க ஒரு நாதியில்ல. நான் தோக்கணும்."

எத்தனையோ ஃபைலில் எதையெதையோ எழுதியிருக்கிறேன். அவ்வளவு உறுதியாக ஒரு சொல் சொன்னதில்லை.

"டீச்சர் சொன்னதுதான் சரி. அப்படி ஓர் இடமே கிடையாது."

தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பிவந்து, பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து நீட்டினார்.

"எதுக்கும் இதக் கொண்டுபோயி வச்சிரு. நீ பட்டை போட்டவன். ஒன்ன அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

திருநீறோடு போய் வைத்தேன். காவல்காரன் உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சியும் போய் வெகுகாலம் ஆகிறது. அவரை அவருடைய சபைக் கல்லறையில், ஓரமாகப் புதைத்தார்கள். இருவருக்கும் நடுவே இரண்டு மதில், ஒரு ரோடு. அவர்களைச் சேரவிடாமல் வைப்பதில் மட்டும் இரண்டு சபைக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

என் தீர்ப்பில் மாற்றம் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் நவம்பர் இரண்டாம் தேதி வந்தால் பட்டை போட்டுக்கொண்டு, இரண்டு மெழுகுதிரி வாங்கிப் போகிறேன். எதற்கும் இருக்கட்டும்.