கம்புகளுக்கு மட்டும் மரியாதை

சாரக்காரரை நான்தான் கொன்றுவிட்டேன் என்று கால்மணி நேரம் மனதார நம்பினேன்.

தொண்ணூறுகளில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலைக்கு நான் சூப்பர்வைசர். அதாவது, நிழலில் நின்று கத்துகிறவன். சவுக்குக் கம்புகளை நார்க்கயிற்றால் கட்டிச் சாரம் ஏற்றுகிறவர்தான் சாரக்காரர். கொங்கு நாட்டிலேயே மனிதர்களை ‘போடா’ என்றும் கம்புகளை ‘வாங்க’ என்றும் அழைத்த ஒரே ஆத்மா.

காலையில் ஆட்கள் ஏறும் முன்பு சாரத்தைத் தொட்டு, “ஏனுங்க, ஒடம்பு சொகமுங்களா? இன்னிக்கு முடியுமுங்களா?” என்பார். கம்பில் காதை வைத்துக் கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் ஒரு ஈயைக்கூட ஏற விடமாட்டார். ஒருமுறை மண்டபத்து முதலாளியையே, “எறங்குடா, அவுங்களுக்கு இடுப்பு வலி” என்று இறக்கிவிட்டார்.

ஒரு வாரம் விடாத மழை. மழை ஓய்ந்து வானம் வெறித்த அன்று காலை என்னிடம் வந்தார்.

“ஏண்டா சூப்பரவைசரு, கயிறு இத்துப்போச்சு. புதுசு வேணும்.”

“திங்கக்கெழமை பாக்கலாமுங்க.”

“அதுவரைக்கும் நிப்பாங்களான்னு அவுங்களையே கேளு.”

நான் கேட்கவில்லை. சிமெண்டுக் கொட்டகைக்குப் போய்க் கண்ணயர்ந்தேன்.

இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்தால், மூன்று மாடிச் சாரமும் தரையில். ஒரே தூசி. ஆள் ஒருவரையும் காணோம். கம்புகளுக்கு நடுவே சாரக்காரரின் ஒற்றைச் செருப்பு.

கம்புகளை இழுத்தேன். அசையவில்லை. “ஏனுங்க, கொஞ்சம் நகருங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க!” என்று கம்பிடமே கெஞ்சினேன். செத்தவர் பேரு என்னவென்று போலீஸ் கேட்டால்? என் நோட்டில் ‘சாரம் 1, கொத்தனார் 4, சித்தாள் 6’ என்றுதான் இருந்தது. ஆறு மாதம் வேலை வாங்கியவர்களில் ஒருவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

“ஏண்டா, அங்க யாரத் தேடறே?”

பின்னால் சாரக்காரர். ஒரு கையில் டீ, மறு கையில் கொடுவாள். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் செத்துப்போட்டீங்கன்னு…”

“நாந்தான் அல்லாரையும் டீக்கடைக்குத் தொரத்திப்போட்டு, கயித்த அறுத்து உட்டுப்போட்டு ஒத்தச் செருப்போட ஓடுனேன். அவுங்க முடியிலன்னு சொன்னாங்க. நீ காதுல வாங்குல.”

தூசியிலேயே உட்கார்ந்து அழுதேன். மீதி டீயை என்னிடம் நீட்டி, “குடிங்க தம்பி” என்றார். எனக்கு அவர் கொடுத்த முதல் ‘ங்க’.

அன்று விழுந்தது சாரம் மட்டும்தான். பதினோரு பேரும் சாயங்காலம் தங்கள் காலால் நடந்து வீடு போனார்கள்.