உலகத்திலேயே கேவலமான சாப்பாடு

"இங்கிலீஷ்காரன் சாப்பாடு மாதிரி ஒரு கேவலமான சாப்பாடு இந்த உலகத்துலயே கிடையாதுங்க" என்று கலீல் பாய் சொல்லி வாயை மூடுவதற்குள், ஜிதின் அதை இங்கிலீஷில் பாதிக்கு மேல் சொல்லி முடித்திருந்தான்.

எதிரே, மெஸ் மேசையில் சாப்பிட உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஹார்ப்பர் தலையை ஆட்டினார். கலீல் பாய்க்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"பட்டாணியை அவிச்சுக் கூழாக்கி, பக்கத்துல ஒரு மீனை வெச்சுட்டா அதுக்குப் பேரு விருந்துங்க. உப்பும் மிளகும் மேசையில தனியா நிக்கும். சமையலை நாமதான் முடிச்சுக்கோணும்."

ஜிதின் அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். புதிதாக வந்திருக்கும் கண்ணாடி பாட்டில் கம்பெனியில் அவன் அலுவலக அதிகாரி. சொல்வதைச் சொல்வது மட்டுமே தன் வேலை என்று நினைக்கிறவன். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கலீல் பாயின் காதருகே குனிந்து, மலையாளத்தில் அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

"இக்கா, சார் இங்கிலாந்துக்காரர்."

"மெஷினெல்லாம் ஜெர்மனின்னு சொன்னியேப்பா!"

"மெஷின் ஜெர்மனி. ஆள் இங்கிலாந்து."

அந்த ஹார்ப்பர் சார்தான் கம்பெனிக்குத் தலைவர். கேன்டீனை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, கேரள எல்லையோரம் கஞ்சிக்கோட்டில் உள்ள ஓட்டல்களில் ஒவ்வொன்றிலும் மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கிறார். புதுப் பாலம் வந்த பிறகு லாரிகள் எல்லாம் கலீல் மெஸ்ஸின் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. கேன்டீன் கிடைக்காவிட்டால் கடைக்குப் பூட்டுதான். அப்புறம் மச்சினன் முஹ்சினின் செருப்புக் கடையில் போய் வேலைக்கு நிற்க வேண்டும். முஹ்சின் ஏற்கெனவே, "மச்சானுக்கு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கல்லாப் பக்கத்து ஸ்டூல் அல்ல, வாடிக்கையாளர் கால் வைக்கும் இடத்து ஸ்டூல்.

இத்தனைக்கும் கலீல் பாய் செய்தது புதிதாக ஒன்றுமில்லை. எல்லையில் கடை வைத்தவரின் தொழில் நுணுக்கம் அது. கோயமுத்தூர் லாரிக்காரர் வந்து உட்கார்ந்தால், "மலையாளத்தான் அந்தச் சிவப்பு மட்ட அரிசியைச் சோறுங்கிறானுங்க, கோலிக்குண்டுங்க அது" என்பார். திருச்சூர்க்காரர் வந்தால், "தமிழன் சாம்பார்ல நீச்சல் பழகலாம் சேட்டா" என்பார். அடுத்தவன் சாப்பாட்டைத் திட்டினால் தன் சாப்பாட்டைப் புகழ்ந்ததாக எல்லோரும் குளிர்ந்துபோவார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கேட்டுவிடாதபடி கடையின் நடுவே பிளைவுட் தட்டி அடித்து, இந்தப் பக்கம் வெள்ளைச் சோறு, அந்தப் பக்கம் மட்டச் சோறு என்று பிரித்தும் வைத்திருந்தார்.

இவ்வளவு சாமர்த்தியமும் கல்லா வரைக்கும்தான். தன் கடைச் சோற்றை அவர் தொடுவதில்லை. ஓட்டல்காரர்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தானே. மதியமானால் வீட்டிலிருந்து மனைவி ஹவ்வா கொடுத்தனுப்பும் கேரியரை ஆட்டோக்காரன் சோலை கொண்டுவந்து வைப்பான்.

அன்று இரவு ஹவ்வா சொன்னாள்: "ஏனுங்க, ஒரு நாளைக்கு நம்மூட்டுத் தேங்காப்பால் சோறும் கறியும் அவருக்குக் குடுத்துப் பாருங்களேன்."

"ஊட்டுச் சமையல் ஊட்டோட. கடைக்கு வேற சூட்சுமம் இருக்குது. உனக்குத் தெரியாது, கம்முனு இரு."

ஹவ்வா மறுநாள் கேரியருக்குத் தேங்காய் உடைக்கப் போனாள்.

சூட்சுமத்தை மறுநாள் கலீல் பாய் காட்டினார். இங்கிலாந்துக்கு ஆகாத பக்கத்து நாடு எது என்று செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"நேத்து நான் சொன்னது பிரான்ஸுங்க, வாய் தவறி இங்கிலாந்துன்னுட்டேன். நத்தையைத் திங்கறானுங்களே! நம்ம தோட்டத்துல உப்பைத் தூவி விரட்டறதை அவன் வெண்ணெய் போட்டு வரவேக்கறான்."

ஜிதின் சொன்னான். ஹார்ப்பர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இக்கா, சாரோட சம்சாரம் பிரான்ஸ்."

"அதை முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"நீங்க கேக்கலை."

மூன்றாம் நாள் கலீல் பாய் உஷாரானார். யாரும் சொந்தம் கொண்டாட முடியாத தூர தேசமாகத் தேடி நார்வேயைப் பிடித்தார். ஜிதினிடமும் கேட்டுக்கொண்டார். நார்வே பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். போதுமே!

"இங்கிலாந்தும் பிரான்ஸும் பரவால்லீங்க. நார்வேக்காரன் மீனைக் காயப்போட்டு, மறுபடி ஊறப்போட்டு, கொழகொழன்னு ஆட ஆடத் தட்டுல வெக்கறான். ஒரு மீனை ரெண்டு தடவை சாகடிக்கறான்!"

ஹார்ப்பர் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"அவங்கம்மா நார்வேயாம். அந்த மீன் வருஷா வருஷம் பண்டிகைக்குச் செய்வாங்களாம்."

முஹ்சினின் ஸ்டூல் கலீல் பாயின் கண்ணெதிரே வந்து நின்றது. இனி யாரைத் திட்டினாலும் இந்த மனுஷனுக்கு உறவாகித் தொலைக்கும். மிச்சமிருந்தது ஒரே வழி. நம்மையே திட்டிக்கொண்டால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார். பதற்றத்தில் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது.

"உங்க நாட்டுச் சாப்பாடெல்லாம் தங்கமுங்க! உலகத்துலயே கேவலமான சாப்பாடு நம்ம சாப்பாடுதான். தமிழன் சாம்பாரு கழுநித் தண்ணி! மலையாளத்தான் சோறு கோலிக்குண்டு!"

பிளைவுட் தட்டி பேச்சை மறைக்கும். கூச்சலை மறைக்காது. தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து லாரிக்காரர் சங்கையா எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"ஏனுங்க பாய், கழுநித் தண்ணியா? எங்கூர்ச் சாம்பாரு அமிர்தம்னு நேத்துத்தானே சொன்னீங்க?"

அந்தப் பக்கமிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். "அமிர்தமோ? ஞங்க கிட்ட அதுல நீச்சல் பழகலாம்னல்லே சொன்னீங்க!"

"உங்க சோத்தை எங்க கிட்டக் கோலிக்குண்டுன்னாரே!" என்றார் சங்கையா.

"எந்தா! கோலிக்குண்டோ?"

இரண்டு தரப்பும் தட்டிக்கு நடுவே கூடி, கலீல் பாய் எத்தனை வருஷமாக யாரிடம் என்ன சொன்னார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கடையில் தமிழரும் மலையாளியும் அத்தனை ஒற்றுமையாகப் பேசிக்கொண்டது அன்றுதான். பிறகு எல்லோரும் சேர்ந்தே கை கழுவிவிட்டு வெளியே போனார்கள்.

காலியான கடையில் ஹார்ப்பரும் ஜிதினும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சோலை வந்து, நடந்தது எதுவும் தெரியாமல், கேரியரை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

கலீல் பாய்க்கு அழுகை முட்டியது. ஆனால் பசியும் எடுத்தது. கேரியரைத் திறந்தார். தேங்காய்ப்பால் சோற்றின் வாசனை கடை முழுக்க ஏறியது. ஒரு மனுஷனை எதிரே வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை. வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. மூடியில் கொஞ்சம் சோறும் இரண்டு துண்டு கறியும் வைத்து ஹார்ப்பர் பக்கம் தள்ளினார்.

கலீல் பாய் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டு, விரலைச் சப்பினார். ஹார்ப்பர் மூடியைக் காலி செய்தார், கலீல் பாயை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். ஜிதினுக்கு மொழிபெயர்க்க ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று கலீல் பாய் நினைத்துக்கொண்டார். வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? ஸ்டூல் எவ்வளவு உயரம் என்று முஹ்சினிடம் போனில் விசாரித்தும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தார். மணி இரண்டரை ஆயிற்று. கேரியர் வரவில்லை. மூன்றும் ஆயிற்று. சோலையின் ஆட்டோ கடைக்கு எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே மூட்டை மூட்டையாகத் தேங்காய். கலீல் பாய்க்குப் பசியில் கண் இருட்டியது. வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஹவ்வா, கேரியரு என்னாச்சு?"

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தமும், ஜிதின் யாரிடமோ அண்டா கேட்கும் சத்தமும் கேட்டன. ஹவ்வா நிதானமாகச் சொன்னாள்:

"கேன்டீன் எனக்குத்தானுங்களாம், நீங்க உலகத்துச் சாப்பாட்டையெல்லாம் திட்டுனீங்களாம், திட்டாமத் தின்னது இந்தக் கேரியரை மட்டும்தானாம், அதனால இதைச் சமைக்கிறவங்க யாருன்னு அந்த வெள்ளைக்காரர் ஊட்டுக்கே வந்துட்டாருங்க, இனிமே எனக்கு நேரமிருக்காது, நீங்க உங்க கடையிலயே சாப்பிட்டுக்குங்க."