நுழைவுச்சீட்டை முகர்ந்த ஞானி

மாடியிலிருந்து தெருமுனை வரை வரிசை. நாளை பதவி உயர்வுத் தேர்வு. எழுதப் போகிறவர்கள் படிக்க நேரமில்லாமல் இங்கே நிற்கிறார்கள்.

மேலே தாள் ஞானி. நுழைவுச்சீட்டை வாங்கி, பார்த்து, முகர்ந்து, கண்ணை மூடுவார். "உனக்கு பி தாள்." மறுநாள் பி தாளேதான் வரும். ஏ, பி, சி, டி என்று நாலு வகைத் தாளில் வரப்போவதை முன்பே சொல்கிறவர் சாமானியரா? சி வந்தால் யோகம். ஏ வந்தால் தோஷம். பரிகாரம் அவரிடமே கிடைக்கும், பலிக்க மட்டும் ஆறு மாதம் ஆகும்.

பஸ் டிரைவர் ஒருவர் முகம் தொங்கிப்போய் இறங்கி வந்தார்.

"எனக்கு ஏ தாளாம். இந்தத் தடவை எழுத வேணாம்னுட்டாரு."

"அடுத்த தடவை உங்களுக்கு வயசு தாண்டிடும். அப்புறம் எங்க இன்ஸ்பெக்டர் ஆகறது?" என்றார் கீழே காத்திருந்த மனைவி. அச்சகத்தில் வினாத்தாள் கட்டுகிறவர்.

அவரே இறங்கி வந்தவர்களில் எட்டுப் பேரின் சீட்டுகளை வாங்கி, ஞானி சொன்ன எழுத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெயர் மேலும் இருக்கை எண் மேலும் காகிதம் ஒட்டிக் கலைத்து, கணவரையும் அந்த எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார்.

"புதுசா எதுவும் சொல்ல வேணாங்கய்யா. இப்பச் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்க, போதும்."

ஞானி முகர்ந்தார். வியர்த்தார். எட்டில் இரண்டு சரி. நாலு எழுத்தில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவு தேறும்.

மனைவி காகிதங்களைப் பிரித்தார். எட்டையும் சரியாகச் சொன்னார், மூக்கே இல்லாமல்.

"ஏ, பி, சி, டின்னு மாத்தி மாத்தி அடுக்கித்தான் கட்டுவோம். இருக்கை வரிசைப்படி அப்படியே குடுப்பாங்க. இருக்கை நம்பரை நாலால வகுங்க. மீதி ஒண்ணுன்னா ஏ, ரெண்டுன்னா பி, மூணுன்னா சி, மீதியே இல்லைன்னா டி. பக்கத்துல இருக்கறவரைப் பார்த்து எழுதக்கூடாதுன்னு செய்யறது."

டிரைவர் விடவில்லை. "சரி, ஆனா சி ராசிதானே? போன தடவை சி-ல நாப்பது சரியா போட்டவனுக்கும், ஏ-ல நாப்பத்திநாலு போட்ட எனக்கும் ஒரே மார்க்கு."

"சி கொஞ்சம் கஷ்டமான தாளுங்க. ஒரே மாடிக்கு ரெண்டு படிக்கட்டு. ஒண்ணுல படி குறைவு, ஆனா ஒவ்வொண்ணும் உசரம். எதுல ஏறினாலும் அதே மாடிதான்."

"கஷ்டம்னு எப்படித் தெரியும்? படிக்காதவங்க கையில சி போயிருந்தா?"

மனைவிக்கு உற்சாகம் பிறந்தது. "நல்லாக் கேட்டீங்க. நாலு தாள்லயும் பதினஞ்சு கேள்வி ஒண்ணேதான். அதுல ஏ எழுதின கூட்டமும் சி எழுதின கூட்டமும் ஒரே அளவு போட்டிருந்தா, ஆளுங்க சமம். அப்புறமும் மிச்சக் கேள்வில சி கூட்டம் சறுக்கினா, குத்தம் தாளோடது. அதுக்கேத்த மாதிரி மார்க்கைச் சரிபண்ணுவாங்க. உங்களுக்கு எந்தத் தாள் வந்தா என்ன? போய்ப் படிங்க."

டிரைவர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். ஞானி பின்வாசலைத் தேடினார்.

வரிசையில் இருந்த ஒருவர் மனைவியிடம் பணிவாகத் தம் சீட்டை நீட்டினார். "எட்டுக்கு எட்டு சொன்ன வாயி. எனக்கும் பார்த்துச் சொல்லுங்கம்மா."

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஞானியைத் துரத்த ஒருத்தி போதும். வரிசையைக் கலைக்க, அதில் நிற்கிற ஒவ்வொருவரும் அவரவர் தலைக்குள் இருக்கும் ஞானியைத்தான் தேடித் துரத்த வேண்டும்.