வியன்னா பிரபுவின் கால்சட்டை

நடிக்க வராதவனுக்குத்தான் நடிப்பு ஆசை அதிகம் இருக்கும். எனக்கு மிக அதிகமாக இருந்தது.

தொண்ணூற்றொன்பதில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டோம். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் வியன்னாவில் வாழ்ந்த ஒரு மேடை நடிகையின் கதை. வண்டிக்காரனின் மகளாகப் பிறந்து, ஊர் ஊராகக் கொட்டகைகளில் நடித்து, கடைசியில் அரசரின் அரங்குக்கே நாயகியானவள். ‘மேடையை விட்டுவிடு, உன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன்’ என்கிற பிரபுவை அவள் மறுத்துவிடுகிறாள். அந்தப் பிரபு நான். (முகவெட்டுக்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். பேண்டு வாத்தியக்காரர்களிடம் வாங்கிய கால்சட்டை எனக்கு மட்டும்தான் ஏறியதாம்.)

நடிகையாக நடித்தது பேக்கிங் பிரிவு கலா. அவள் அண்ணன் சேகர் ஒத்திகைக்கே காவலுக்கு வந்துவிடுவான்.

“இந்த ஒரு தபாதான். அப்பால நாடகம் கீடகம்னு கெளம்பக் கூடாது, ஆமா.”

விழா மேடையில், வசனம் பேசுவதற்காகக் கலாவின் முன் மண்டியிட்டேன். ‘டர்’ரென்று ஒரு சத்தம். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எண்ணூர் வரை கேட்டிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: “மாமு, பிரபு கிழிஞ்சிட்டாருடா.”

கூட்டம் சிரித்துப் புரண்டது. எனக்கு வசனம் மறந்தது. என் பெயரே மறந்தது.

கலா சிரிக்கவில்லை. தன் சால்வையை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் போர்த்தினாள்.

“குளிரில் வந்திருக்கிறீர்கள், பிரபுவே. என்ன கேட்க வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மேடையை விடச் சொல்வீர்கள்” என்று என் வசனத்தையும் அவளே பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பசித்த நாளில் எனக்குச் சோறு போட்டது இந்த மேடை. உங்கள் மாளிகையில் எனக்கு எல்லாம் கிடைக்கும். உங்களுக்கு நான் கிடைக்க மாட்டேன்.”

சிரித்த கூட்டம் அப்படியே அடங்கியது. பின்வரிசைதான் முதலில் எழுந்து கைதட்டியது. மண்டியிட்டபடியே நானும் தட்டினேன். (கதைப்படி நான் அழ வேண்டும். அதில் குறை வைக்கவில்லை.)

நாடகம் முடிந்ததும் சேகர் கண் கலங்கி மேடைக்குப் பின்னால் வந்தான்.

“இன்னா கலா, இத்தினி நாளு இத்த எங்க வெச்சிருந்த?” என்றவன் என் பக்கம் திரும்பினான். “நைனா, நீ கிழிச்சிக்கினதும் நல்லதாப் போச்சி.”

அதன்பிறகு ராயபுரம், தண்டையார்பேட்டை என்று எங்கே நாடகம் நடந்தாலும், அவனே தங்கையை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். அவள் பேச ஆரம்பித்தால் இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நான் நடிப்பை விட்டுவிட்டேன். ஊர் என்னை விடவில்லை. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்தபோது, டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார்கள். “யாரு, கிழிஞ்ச பிரபுவா? நேரா போயி லெஃப்டு” என்றாராம் கடைக்காரர்.

இன்றும் மாமனார் வீட்டில் பந்தியில் நான் தரையில் உட்காரப் போனால், மொத்தக் குடும்பமும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறது.