உச்சியில் ஒரு வடிகால்

தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும் என்றால் நம்புவீர்களா? எங்கள் பவேரியக் காட்டூர்க்காரர்கள் நம்பினார்கள், அதுவும் சீட்டு வாங்கி நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பதினோரு பேர் வரும் ஊரில், குருநாதர் லியாண்டரின் சாலைக்கு எட்டுப் பேருந்துகள் வந்து நின்றன. நானும் யோக்கியன் இல்லை. சாலையோரம் இருப்பது என் விடுதிதான். கூட்டத்துக்குச் சூப் ஊற்றியே கூரையைப் புதிதாக வேய்ந்துவிட்டேன்.

குருநாதருக்கு வெள்ளை அங்கி, கழுத்தில் செம்புச் சுருள். மூன்று வருடத்துக்கு முன்புவரை சமையலறை அலமாரி விற்றவர். அந்தச் சாலையில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஏற்றம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் நின்று ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பார். தண்ணீர் மெல்ல மெல்ல மேலே ஏறும்! கூட்டம் கண்ணீர் விடும், மூக்கைச் சிந்தும்.

"தண்ணியையே தூக்குற பூமி சக்தி உங்க ரத்தத்தைத் தூக்காதா? இதயம் இனிமே எதுக்குப் பாடுபடணும்? மாத்திரை எல்லாம் கனம். கனத்தை விட்டுடுங்க!"

விட்டவர்களில் ஒருவர் கொர்பினியன். மரம் அறுத்து ஓய்ந்தவர், எழுபத்தொரு வயது, பழுதான இதயம். பத்தொன்பது நாளாக மாத்திரையைத் தொடவில்லை. கணுக்கால் வீங்கி, உதடு நீலம் பூத்திருந்தது. அவருடைய மகள் நோட்பர்கா முற்றங்களுக்குக் கல் பதிப்பவள். அந்த ஏற்றத்தில் பெஞ்சு போடக் கல்தளம் வேண்டும் என்று குருநாதர் கடிதம் எழுதி அமர்த்தியது அவளைத்தான்.

"ஏத்தத்துல ஏறுறேன், மூச்சே வாங்கல! இதுக்கு மேல என்னடி சாட்சி வேணும்?" என்றார் தகப்பன்.

"திரும்பி இறங்கும்போது வாங்குதேப்பா?"

"அது சக்தியை விட்டு விலகுறதால. குரு சொல்லிட்டாரு."

"இறங்கினா மூச்சு வாங்குற மலையை இப்பத்தான்பா கேள்விப்படுறேன்."

மறுநாள் உச்சிவெயிலில், கூட்டத்தின் நடுவே அவள் முக்காலியை நிறுத்தி அதன்மேல் லேசர் மட்டக் கருவியை வைத்தாள். கருவியின் தலை விர்ரென்று சுழன்றது. சிவப்புக் கோடு தெரியும் என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

குருநாதர் கையை உயர்த்தினார். "பாத்தீங்களா! சக்தி வெளிச்சத்தையே குடிச்சிடுச்சு!"

கைதட்டல் காட்டை அதிரவைத்தது. ஓர் அம்மாள் முக்காலியின் காலை முத்தமிட்டாள்.

"குடிக்கவும் இல்ல, கடிக்கவும் இல்ல. வெயில்ல இது கண்ணுக்குத் தெரியாதும்மா. அதுக்குத்தான் இந்தப் பெட்டி," என்றாள் நோட்பர்கா. அளவுக் கம்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டித் தகப்பன் கையில் கொடுத்தாள். "கண்ணுக்குத் தெரியாத கதிர் எல்லா இடத்துலயும் ஒரே உயரத்துல ஓடுது. அது பட்டா பெட்டி கத்தும். நீயே புடிப்பா."

அடிவாரத்தில் பெட்டியை மெதுவாக உயர்த்தினார். இடுப்பளவில் 'பீ' என்றது. உச்சிக்கு நடந்தார். இடுப்பில் கத்தவில்லை, நெஞ்சிலும் கத்தவில்லை. தோளுக்கு ஏற்றிய பிறகுதான் கத்தியது. ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் வித்தியாசம்.

"கதிர் அசையல. உன் தோள் வரைக்கும் தூக்க வேண்டியிருக்குன்னா, நீ பள்ளத்துல நிக்கிறப்பா."

"சக்தி கருவியை வளைச்சிடுச்சு!" என்று அலறினார் குரு.

"சரி சாமி." கருவியை மறுமுனைக்குத் தூக்கிச் சென்று மீண்டும் அளந்தாள். அதே ஐம்பத்தைந்து. "மரமெல்லாம் சாஞ்சு நிக்குது, அடிவானமும் மறைஞ்சிருக்கு, கண்ணு ஏமாறத்தான் செய்யும். பத்தாததுக்கு வேலிக் கம்பையும் இவரே சாச்சு நட்டிருக்காரு."

"பொய்! எனக்கு எதுவும் தெரியாது!"

அவள் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள்: "'மழைத் தண்ணீர் தேங்கி என் சீட்டுக் கூடாரம் நனைகிறது. ஆகவே மேல்முனையில் ஒரு வடிகால் வைக்கவும்.' கையெழுத்து லியாண்டர். உச்சியில எதுக்கு சாமி வடிகால்?"

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். குருநாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

கொர்பினியன் மட்டும் சிரிக்கவில்லை. கல் குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை நாளும் நான் இறங்கிட்டா இருந்தேன்?"

"ஆமாப்பா. டாக்டர் வந்துட்டே இருக்காரு."

நான் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கிழவனின் நீல உதட்டை நானும்தான் பத்தொன்பது நாள் பார்த்துக்கொண்டு சூப் விற்றேன்.

மாலையில் பேருந்தில் ஏறும்போது, முக்காலியை முத்தமிட்ட அம்மாள் என்னிடம் கேட்டாள்: "பக்கத்துல வேற சக்தி இடம் ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா," என்றேன், "உங்க கழுத்துக்கு மேல. இன்னும் யாரும் போய்ப் பார்த்ததா தெரியல."